கம்பியில் பதினைந்தாவது

என் பழைய நோட்டு ஒன்றில் பதின்மூன்று பட்டறைகளின் பட்டியல் இருக்கிறது. நான்கு கட்டம் போட்டிருக்கிறேன்: இடம், போன நாள், பார்த்த ஆள், சொன்ன காரணம். கடைசிக் கட்டத்தை மட்டும் அகலமாக விட்டிருந்தேன். அவ்வளவு அகலமும் தேவைப்பட்டது.

அறுபத்து மூன்றாம் வருடக் கடைசி அது. திருச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மெக்கானிக்கல் டிராப்ட்ஸ்மேன் படிப்பில் சேர்ந்து பதினெட்டு மாதம் முடித்திருந்தேன். இயந்திர உறுப்புகளை அளவோடு படமாக வரையும் படிப்பு. வகுப்பில் பெண்கள் இரண்டு பேர். பதினெட்டு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஏதாவது ஒரு பட்டறையில் நேரடிப் பயிற்சி, அதன் பிறகுதான் சான்றிதழ் என்பது படிப்பின் விதி. பையன்களுக்குத் தொழிற்சாலைகளிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. நீங்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பயிற்சியில் சேர்ந்துவிட்டதாகப் பட்டறைக்காரர் கையெழுத்திட்ட படிவம் பிப்ரவரி பதினைந்துக்குள் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பதினெட்டு மாதமும் இல்லை என்றாகிவிடும்.

இன்னொரு பெண் நான்கு இடம் கேட்டுப் பார்த்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். எங்கள் வீட்டிலும் அந்த விண்ணப்பம் அம்மா கைப்படப் பூர்த்தியாகி அலமாரியில் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்றுதான். அசலை ஒரு இடத்தில்தான் கொடுக்க முடியும். அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் விண்ணப்பத்தை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பார்.

படிவத்தோடு இணைக்க வேண்டியவை ஆறு. வயதுச் சான்று, நடத்தைச் சான்று, வகுப்பில் எடுத்த மதிப்பெண், இரண்டு போட்டோ, தகப்பனார் ஒப்புதல், மருத்துவர் சான்று. ஐந்தை ஒரே வாரத்தில் சேர்த்துவிட்டேன். மருத்துவர் பார்வையைப் பரிசோதித்தார், காதருகே கடிகாரத்தை வைத்துக் கேட்கிறதா என்றார், பிறகு இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களை எண்ணினார். பத்து என்று எழுதினார். சேரும்போது பத்து இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

படிவத்தில் மீதி இருந்தது பட்டறைக்காரர் கையெழுத்து ஒன்றுதான். அதற்குத்தான் அந்தப் பட்டியல்.

சொன்ன காரணங்களை இப்போது கூட்டிப் பார்க்கிறேன். பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்றவர்கள் ஐந்து பேர். தாவணி இயந்திரத்தை ஓட்டுகிற பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்றவர்கள் மூன்று பேர். முதலாளி ஊரில் இல்லை என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். அதில் ஓர் இடத்தில் முதலாளி உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் தெரிந்தது. ஒருவர் எங்கள் பட்டறையில் படமே கிடையாது, வாயால் சொல்லித்தான் வேலை என்றார். அது நியாயமான காரணம். அதற்கு நேரே ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாமவர் எதுவும் சொல்லவில்லை. என் படிவத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

என் அப்பா கீரனூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் வரும்போது தடத்தை மாற்றிவிடுகிற வேலை. பதின்மூன்றாவது இடத்தை அவர்தான் கேட்டு வந்தார். புதுக்கோட்டையில், ரயிலடியிலிருந்து ஊருக்குள் போகும் பாதையில், ஒரு லேத் பட்டறை. இரும்பையும் வெண்கலத்தையும் லேத்தில் மாட்டிக் கடைகிற இடம். பம்ப்செட், மாவு மில், கரும்பாலை எல்லாவற்றுக்கும் உடைந்த உறுப்பை அங்கே புதிதாகச் செய்வார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே முதலாளியின் வீடு. அப்பா சொன்ன முதல் தகவலும் அதுதான்.

“கக்கூஸ் இருக்கு ஆத்தா. நானே போயிப் பாத்துட்டு வந்துட்டேன்.”

முதலாளி ஐம்பது வயதுக்காரர். படிவத்தைக் கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். வந்து உட்காரலாம் என்றார். கையெழுத்து மட்டும் இப்போது இல்லை, மேஸ்திரி சரியென்று சொல்கிற அன்றைக்குப் போடுகிறேன் என்றார். மேஸ்திரி எப்போது சொல்வார் என்று கேட்டேன். அது அவருக்குத்தான் தெரியும் என்றார்.

ஜனவரி இரண்டாம் வாரம் போகத் தொடங்கினேன். காலை பாசஞ்சரில் போய் மாலை வண்டியில் திரும்புவது. பாவாடை தாவணிக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டேன். பெல்ட்டைப் பற்றிப் பேசிய மூன்று பேரின் கருத்து சரியானது என்பதால் அப்படிச் செய்தேன்.

மேஸ்திரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் ஒன்பதரை. அதிகம் பேசமாட்டார், பேசினால் வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். எனக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை ஒதுக்கினார்கள். வருகிற வேலை ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கம்பியால் கட்டுவது என் பொறுப்பு: யாருடையது, என்ன உறுப்பு, என்ன அளவு, எப்போது வேண்டும். மற்ற நேரத்தில் படம் வரைந்தேன். யாரும் கேட்காததால் பெரிய லேத்தையே மூன்று பக்கத்திலிருந்து வரைந்து முடித்தேன். மேஸ்திரி ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவர் அதைப் பார்த்தார்.

“லேத்துதான் இங்கிட்டு நிக்கிதே. இதுக்கு எதுக்குப் படம்?”

“பழகுறதுக்குண்ணே.”

“அதும் பழகிருச்சு. போன மாசம் வரைக்கும் இம்புட்டு நேரா நிக்காது.”

அவர் சொன்னது புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. லேத்தின் ஒரு பக்கத்துக் கைப்பிடி தேய்ந்து சாய்ந்திருந்ததை நான் நேராக வரைந்திருந்தேன்.

பட்டறையில் இருந்த எல்லாவற்றையும் பட்டியல் எடுத்தேன். அதில் ஓர் இனம் மட்டும் விளங்கவில்லை. கருவிப் பலகைக்கு மேலே சுவரை ஒட்டி ஒரு முக்கால் அங்குலக் கம்பி மாட்டியிருந்தது. அதில் வரிசையாகச் சில உறுப்புகளைக் கோத்திருந்தார்கள். எண்ணினேன், பதினான்கு. ஒரு பக்கம் மட்டும் பல் வெட்டிய சக்கரம், மரை எதிர்த்திசையில் வெட்டிய நட்டு, நடுத்துளை ஓரமாகப் போன கப்பி, ஷாப்ட் உள்ளே சுழல்வதற்கான புஷ் வளையங்கள் வெவ்வேறு அளவில் ஐந்தாறு. எதுவும் வேலைக்கு ஆகாது. ஆனால் துரு பிடிக்காமல் எண்ணெய் தடவியிருந்தது. ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் சுத்தியலுக்கும் வைத்த சந்தனப் பொட்டு, காய்ந்து மங்கி, அந்தப் பதினான்கின் மேலும் இருந்தது. மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ‘மாதிரிகள்’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டேன். மேஸ்திரியிடம் கேட்டபோது அது வேலைக்கு இல்லை, தொடாதே என்றார்.

அந்தப் பட்டறையின் அளவுமுறையைச் சொல்லிவிட வேண்டும். நடந்தது அதனால்தான்.

எங்களுக்கு வகுப்பில் மில்லிமீட்டரும் கற்றுக் கொடுத்திருந்தார்கள், அங்குலமும் கற்றுக் கொடுத்திருந்தார்கள். பட்டறையில் அங்குலம்தான், அங்குலத்துக்கு எட்டு நூல். கையில் உறுப்பு இருந்தால் கவராயம் போல இரண்டு கால் உள்ள காலிப்பரை வைத்து அளப்பார்கள். ஆனால் கிராமத்திலிருந்து வருகிறவர்களால் எப்போதும் உறுப்பைக் கொண்டுவர முடியாது. சுழல்கிற ஷாப்ட் இயந்திரத்திலேயே இருக்கும், அதைத் தாங்குகிற புஷ்தான் உடையும். புதிய புஷ்ஷின் துளை ஷாப்ட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அதனால் வருகிறவர் ஷாப்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் சந்திக்கிற இடத்தில் முடிச்சுப் போட்டு ஒரு சரடு கொண்டுவருவார். மேஸ்திரி அந்தச் சரட்டை மூன்றாக மடிப்பார். மடிப்பின் நீளத்தை ஸ்கேலில் வைத்து அதில் ஒரு நூல் கழிப்பார். அதுதான் துளை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். ஏன் ஒரு நூல் கழிக்கிறீர்கள் என்று கேட்டேன். கழித்தால் சரியாக இருக்கிறது என்றார்.

சரியாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் நான்கு சரடு வந்தது. நான்கையும் என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். சுற்றளவை இருபத்திரண்டின் கீழ் ஏழால் வகுப்பது எங்கள் முறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்குமே மெல்லிய சரடுகள், பம்ப்செட், மாவு மில் ஷாப்ட்கள், இரண்டு அங்குலத்தை ஒட்டியவை. பெரிய ஷாப்ட் வந்தால் மூன்றாக மடிக்கிற முறை பிசகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்கு மட்டும் இல்லையே. இதை நோட்டில் எழுதிவைத்தேன். வாயால் சொல்லவில்லை. கையெழுத்து வேண்டியவள் நான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் விராலிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சொந்தக் கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். சாறு பிழிகிற உருளையின் புஷ் பிளந்துபோயிருந்தது. இரண்டு துண்டையும் கோணிப்பையில் கொண்டுவந்திருந்தார். தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டதால் அதிலிருந்து அளவெடுக்க வழியில்லை. சரடும் கொண்டுவந்திருந்தார், கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கிற கவலைக் கயிற்றிலிருந்து பிரித்த ஒரு புரி. வெட்டின கரும்பு வெயிலில் கிடக்கிறது, அடுப்பு அணைந்து ஒருநாளாகிறது, நாளைக்கே வேண்டும் என்றார். வெண்கல வார்ப்பு ஒன்று அந்த அளவுக்குக் கையிருப்பில் இருந்தது. மேஸ்திரி சரி என்றார். ஆலைக்காரர் ஊருக்குள் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போய்விட்டார்.

மேஸ்திரி புரியை மூன்றாக மடித்து ஒரு நூல் கழித்தார். நான்கு அங்குலம் ஒன்றரை நூல் என்று எனக்குச் சொன்னார். சீட்டில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

இந்த இடத்தில் என்ன நினைத்தேன் என்பதை நோட்டில் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வரி இருக்கிறது. ஒன்று, சொன்னால் கோபம் வரலாம், கையெழுத்துப் போய்விடலாம். இரண்டு, சொல்லாவிட்டால் துளை பெரிதாகும், பெரிதான துளையைச் சிறிதாக்க முடியாது, வார்ப்பு பாழ். மூன்று, பிப்ரவரி பதினைந்துக்குப் பத்து நாள். இதற்குக் கீழே ஒன்றுமில்லை. முடிவை எழுதாமல் எழுந்து போயிருக்கிறேன்.

வேறு ஆள் பக்கத்தில் இல்லாதபோது போய்ச் சொன்னேன். கணக்குப் போட்ட தாளையும் காட்டினேன். பெரிய ஷாப்ட்டுக்கு மூன்றாக மடித்தால் கூடிப்போகும், சரியான அளவு நான்கு அங்குலம் ஒரு நூல் என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“எழுது, ஒன் அளவையே.”

எழுதினேன். நான்கு அங்குலம் ஒரு நூல் என்று, அச்சடித்த மாதிரி. அவர் அதற்கு ஒரு மயிரிழை பிடிப்பாகவே துளை போட்டார், அங்கே போய்ச் சுரண்டிப் பொருத்திக்கொள்ளட்டும் என்று. வேலை அன்று மாலைக்குள் முடிந்தது. மறுநாள் காலையில் ஆலைக்காரர் புஷ்ஷைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அன்று முழுவதும் எனக்கு மனதில் நல்ல தெளிவு இருந்தது. இப்போது அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அதற்கு மறுநாள் பத்து மணிக்கு அவர் திரும்பி வந்தார். சட்டையில் வெல்லப்பாகு காய்ந்திருந்தது. புஷ்ஷைக் கருவி மேசையின் மேல் வைத்தார். போடவில்லை, வைத்தார். மேஸ்திரி லேத்தை நிறுத்தினார். சத்தம் கேட்டுப் பழகிய முதலாளி சத்தம் நின்றதும் வீட்டிலிருந்து வந்தார்.

ஆலைக்காரர் முதலாளியைப் பார்த்துத்தான் பேசினார். “புஷ்ஷு கேட்டா தொட்டில் செஞ்சு குடுத்திருக்கீகளே மொதலாளி. உருளை புள்ளத்தாச்சி மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வருது.”

புஷ்ஷுக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே தகரத்துண்டு சொருகிப் பார்த்தாராம், அதையும் அரைத்துத் துப்பிவிட்டதாம். முதலாளி புஷ்ஷைத் தூக்கித் துளைக்குள் விரலை ஓட்டினார். வழவழப்பில் குற்றமில்லை. அளவு யாருடையது என்று கேட்டார்.

 மேஸ்திரி எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னுடையது என்றேன். தைரியத்தால் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டையும் ஆலைக்காரர் மறுபடி புஷ்ஷில் கட்டிக் கொண்டுவந்திருந்தார், கையெழுத்து என்னுடையது. நான் சொல்லாவிட்டால் அது சொல்லியிருக்கும்.

முதலாளி என் மேசை பக்கம் திரும்பினார். படிவம் அங்கேதான், கண்ணாடிப் பலகைக்குக் கீழே, வந்த நாளிலிருந்து இருந்தது. அதைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. மேஸ்திரியை ஆலைக்காரரோடு அனுப்புவதாகவும், பெரிய காலிப்பரை வைத்து ஷாப்ட்டையே அளந்து வரட்டும் என்றும் சொன்னார்.  அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆலைக்காரர் காபி குடிக்கப் போனார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் புரியை எடுத்தேன். கணக்கை மறுபடி போட்டேன், பிழை இல்லை. மூன்றாம் முறை போட்டேன், பிழை இல்லை. அப்புறம் கணக்கை விட்டுவிட்டு, பட்டறையில் இருந்த சரியாக இரண்டு அங்குலக் கம்பி ஒன்றின் மேல் அதே புரியைச் சுற்றி நீளத்தைப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு வர வேண்டிய சுற்றளவைவிட மூன்று நூல் கூட வந்தது. கயிறு கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் தடிப்பு ஒரு நூல். நாங்கள் வகுப்பில் வரைந்த வட்டங்களின் கோட்டுக்குத் தடிப்பே கிடையாது. பென்சிலைச் சீவிச் சீவி அதை இல்லாமல் செய்யத்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். கவலைக் கயிற்றுக்கு உடம்பு உண்டு. முன்பு வந்த சரடுகள் மெல்லியவை என்பதால் அது எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூல் கழிக்கிற வழக்கம் இதற்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்றேன். கயிற்றின் தடிப்பைக் கழிக்கிறீர்கள், ஆனால் மூன்றாக மடிப்பதால் அளவு கூடுகிறது, நான் சரியாக வகுத்தேன், தடிப்பைக் கழிக்கவில்லை, இரண்டையும் செய்திருந்தால் நான்கு அங்குலம் என்று சொன்னேன். அவர் கம்பியில் சுற்றியிருந்த புரியை நகத்தால் தள்ளிப் பார்த்தார்.

“எதுக்குக் கழிக்கிறோம்னு எனக்கு யாரும் சொல்லல. நானும் கேக்கல.” புரியைக் கம்பியிலிருந்து உருவியபடி, “அப்ப என் அளவுல போட்டிருந்தா?” என்றார்.

“இன்னும் அரை நூல் கூட ஆடியிருக்கும்ணே.”

“நல்லதாப் போச்சு. ஒன் பேர்லயே போகட்டும்.”

அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். காலிப்பரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மாலை வண்டியில் அப்பாவிடம் சொன்னேன். அன்று அவருக்குப் புதுக்கோட்டையில் ஏதோ ரயில்வே வேலை, சேர்ந்து திரும்பினோம். முழுவதையும் கேட்டுக்கொண்டார். தடம் மாற்றும்போது பிழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எங்கள் வேலையில் பிழை வந்தால் அதைப் பற்றிப் பேச ஆள் மிஞ்சாது ஆத்தா, உங்கள் வேலை பரவாயில்லை என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதா, தகவலா என்று எனக்கு இன்றும் தெரியாது. வீட்டில் அன்று அம்மா அலமாரியைத் துடைத்திருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது மேஸ்திரி திரும்பியிருந்தார். காலிப்பரின் கால்கள் நகராதபடி சரடால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவிழ்க்காமல் ஸ்கேலில் வைத்தோம். நான்கு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. என் புதிய கணக்கு நான்கு. ஷாப்ட் தேய்ந்திருந்ததைக் கயிறு சொல்லாது.

புதிய புஷ்ஷுக்கு வார்ப்பு இல்லை. கெட்டுப்போன புஷ்ஷையே உருக்கி, கொஞ்சம் வெண்கலம் சேர்த்து, ஊருக்குள் இருந்த வார்ப்படக்காரரிடம் மறுபடி வார்க்கக் கொடுப்பது என்று முடிவு. அனுப்புவதற்கு முன்னால் மேஸ்திரி அதை லேத்தில் மாட்டினார். ஓரத்திலிருந்து கால் அங்குல அகலத்தில் ஒரு வளையத்தை மட்டும் வெட்டி எடுத்தார். சூடு ஆறும் வரை காத்திருந்து, பிசிறு போக அரம் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். அரம் போடு என்றார். போட்டேன். பட்டறையில் நான் செய்த முதல் கைவேலை அது. நன்றாகவே வந்தது.

முதலாளி வந்து வளையத்தை வாங்கிப் பார்த்தார். படிவத்தை எடு என்றார்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என் மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக எழுதினார். பட்டறையின் விவரம், என்ன தொழில், மேற்பார்வை யார். மேஸ்திரி அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பயிற்சி தொடங்கிய நாள் என்ற கட்டத்தில் முதலாளி எழுதியதைப் பார்த்தேன். நான் வந்து சேர்ந்த நாள் இல்லை. அந்தப் புஷ்ஷுக்குத் துளை போட்ட நாள்.

நான் வந்தது ஜனவரியில் என்றேன். இருபத்திரண்டு வேலை நாள் விடுபடுகிறது என்றேன். நாட்களை எண்ணி வைத்திருந்த பக்கத்தையும் காட்டினேன்.

“அதுவரைக்கும் நீ விருந்தாளிம்மா,” என்றார் முதலாளி. “ஒண்ணக் கெடுத்த அன்னைலேருந்துதான் இங்க ஆளு.”

சுவரில் இருந்த கம்பியைக் காட்டினார். நான் மாதிரிகள் என்று எழுதிவைத்திருந்த பதினான்கும் பதினான்கு பேர் முதன்முதலாகக் கெடுத்தவை. அந்தப் பட்டறையில் ஒருவர் எத்தனை நாள் வந்து நின்றாலும், பொறுப்பாக ஒரு வேலையை எடுத்து, அதைக் கெடுத்து, தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்கிற நாளிலிருந்துதான் கணக்கு. மரை எதிராக வெட்டிய நட்டு முதலாளியினுடையது. துளை ஓரமாகப் போன கப்பி மேஸ்திரியினுடையது. இடையில் சில ஆட்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள், இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், உறுப்புகள் இருக்கின்றன. ஒருவர் மூன்று வருடம் எதையும் கெடுக்காமல் இருந்துவிட்டுப் போனாராம். அவருடையது எதுவும் கம்பியில் இல்லை. நல்ல வேலைக்காரர், ஆனால் எதையும் தானாகக் கையில் எடுக்கமாட்டார் என்றார் மேஸ்திரி.

கம்பியின் ஒரு முனையில் நட்டைக் கழற்றி வளையத்தைக் கோத்தார்கள்.  முதலாளி சாப்பிடப் போனார். நான் படிவத்தை உறையில் போட்டு, ஒட்டி, மாலை ரயிலடியில் தபால்பெட்டியில் சேர்த்தேன். கெடுவுக்கு ஏழு நாள் இருந்தது.

புதிய புஷ் இரண்டு நாளில் ஆனது. ஆலைக்காரர் இந்த முறை வாங்கிக்கொண்டு போய்த் திரும்ப வரவில்லை. பட்டறையில் அதற்குப் பெயர் பாராட்டு. நான் ஒரு அட்டையில் கட்டம் போட்டு, சரட்டின் நீளத்துக்கும் தடிப்புக்கும் நேராகத் துளையின் அளவை எழுதி, பெரிய லேத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மேஸ்திரி மெல்லிய சரடு வந்தால் பழையபடி மூன்றாக மடிப்பார். தடித்த கயிறு வந்தால் அட்டையைப் பார்ப்பார். வருகிறவர்களிடம் மெல்லிய சரடாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவும் தொடங்கினார். என் அட்டையைவிட அது சுலபமான வழி.

ஆறு மாதம் ஆகஸ்டில் முடிந்தது. விடுபட்ட இருபத்திரண்டு நாளால் ஜூலைத் தேர்வு தவறியது, அடுத்த தேர்வில் எழுதினேன். சான்றிதழ் தபாலில் வந்த அன்று அம்மா அலமாரியிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், வீட்டுச் சாமான் பட்டியல் எழுத என்னிடம் கொடுத்தார். இப்போது திருச்சியில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் டிரேசராக இருக்கிறேன். மற்றவர்கள் வரைந்ததை மெழுகுத் துணியில் மையால் பிரதியெடுக்கும் வேலை. கோடுகள் மிக மெல்லியதாக இருக்க வேண்டும்.

நோட்டில் ‘மாதிரிகள்’ என்ற தலைப்பை அடித்துவிட்டேன். வேறு தலைப்பு போடவில்லை. பதினான்குக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: பதினைந்து. வெண்கல வளையம். உள்விட்டம் நான்கு அங்குலம் ஒரு நூல்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு நான் அங்கே இல்லை. வளையத்துக்குப் பொட்டு வைத்தார்களா என்று கேட்டு எழுதவும் இல்லை. வைத்திருப்பார்கள். வரிசையில் ஒன்றை விட்டுவிட்டு வைக்கிற வழக்கம் அந்தப் பட்டறையில் இல்லை.